வருவாய் கிராமம் வேறு, ஊராட்சி வேறு: தமிழ்நாட்டில் ஒரு மனு எந்த மேசைக்குப் போகணும்?

#1 மடைவாய்

வணக்கம். நம்ம மாநிலத்து ஒரே ஊருக்கு ரெண்டு விலாச வரிசை இருக்கு. மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம் என்று ஒன்று. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வார்டு என்று இன்னொன்று. இந்த ரெண்டும் எங்கே ஒட்டுது, எங்கே விலகுது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.

பேச்சுக்கு ஒரு உதாரணம் வைக்கிறேன். தெருவுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். மழைத் தண்ணீர் ஏரிக்குப் போகிற வழி அதுதான். பக்கத்து மனைக்காரர் அதன் மேலேயே சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார். வி.ஏ.ஓ.விடம், அதாவது கிராம நிர்வாக அலுவலரிடம், போனால் ஊராட்சியில் கேட்கச் சொல்கிறார். ஊராட்சியில் அது வருவாய்த்துறை வேலை என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் பொதுப்பணித்துறை என்று கைகாட்டுகிறார்கள். சட்டப்படி யார் செய்ய வேண்டிய வேலை இது?

#2 கிரயச்சீட்டு

வருவாய்த்துறை ஏணியிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் இப்போது 38 மாவட்டங்கள். 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என ஐந்து வந்தன. 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. மாவட்டத்துக்கு ஆட்சியர். நிலம், வருவாய் விஷயங்களில் அவருக்கு அடுத்த நிலை டி.ஆர்.ஓ., அதாவது மாவட்ட வருவாய் அலுவலர்.

மாவட்டத்துக்குக் கீழே கோட்டம். அங்கே கோட்டாட்சியர் இருப்பார், அல்லது சார் ஆட்சியர் இருப்பார். நாற்காலி ஒன்றுதான், ஐ.ஏ.எஸ். அதிகாரி உட்கார்ந்தால் சார் ஆட்சியர், துணை ஆட்சியர் நிலை அதிகாரி உட்கார்ந்தால் கோட்டாட்சியர். பேச்சுவழக்கில் ஆர்.டி.ஓ. என்போம். வண்டிப் பதிவு அலுவலகத்தையும் அதே பெயரில் சொல்லிப் பழகிவிட்டதால் ஊர்ப்புறத்தில் மனுவோடு அங்கே போய் நிற்கிறவர்கள் உண்டு. நிலத்துக்குப் போக வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம்.

அதற்குக் கீழே வட்டம், வட்டாட்சியர். வட்டத்துக்குள் குறுவட்டம், சில இடங்களில் உள்வட்டம் என்பார்கள், பழைய ஆட்கள் பிர்கா என்பார்கள். அங்கே வருவாய் ஆய்வாளர், நாம் ஆர்.ஐ. என்று சொல்கிறவர். கடைசிப் படி வருவாய் கிராமம், அதற்கு வி.ஏ.ஓ. அவருக்கு உதவியாகக் கிராம உதவியாளர், ஊர் வாயில் தலையாரி.

வி.ஏ.ஓ. பதவிக்கு வயது ரொம்ப இல்லை. 1980 நவம்பரில்தான் பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தார்கள். அதன் பிறகு தேர்வாணையம் வழியாக முழுநேர வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். பழைய பத்திரங்களில் கர்ணம் கையெழுத்து இருப்பது அதனால்தான்.

இந்த ஏணியின் வேலை நிலம், வரிக் கணக்கு, சான்றிதழ், பேரிடர், சட்டம் ஒழுங்கு. தெரு விளக்கும் குடிநீரும் இதில் வராது.

#3 ஒன்றியக்கணக்கு

அடுத்த ஏணி என் பங்கு.

ஊர்ப்புறத்தில் மூன்று அடுக்கு: கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. சட்டம் 1994-ம் வருட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 12,525 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள் என்பதுதான் அரசு ஆவணங்களில் புழங்கி வந்த கணக்கு. சென்னையில் மட்டும் இந்த மூன்றுமே கிடையாது, மாவட்டம் முழுக்க மாநகராட்சி.

தேர்தலில் கிராமத்து வாக்காளர் ஒரே நேரத்தில் நாலு ஓட்டுப் போடுவார்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு. முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அடுத்த இரண்டும் கட்சி அடிப்படை. ஊராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியக்குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றிய வார்டு சுமார் 5,000 மக்களுக்கு ஒன்று, மாவட்ட வார்டு சுமார் 50,000 மக்களுக்கு ஒன்று.

இன்னொன்று பலருக்குப் பிடிபடுவதில்லை. கிராம ஊராட்சியில் நிர்வாக அதிகாரம் தலைவர் கையிலேயே இருக்கிறது. ஊராட்சிச் செயலர் எழுத்து வேலையும் பதிவேடும் பார்ப்பவர், அதிகாரி இல்லை. பேரூராட்சிக்குப் போனால் செயல் அலுவலர், நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் ஆணையர். ஒன்றியத்தில் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், இருவர்: ஒன்றியத்தின் சொந்த வேலைக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளைக் கவனிக்க இன்னொருவர். ஊராட்சி சம்பந்தமான மனுவை "வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சிகள்" என்று எழுதினால்தான் சரியான மேசையில் விழும். வெறும் பி.டி.ஓ. என்று எழுதினால் உள்ளேயே ஒரு வாரம் சுற்றும்.

இந்த இரண்டு ஏணியும் சேருகிற ஒரே இடம் ஆட்சியர். வருவாய்த்துறைக்குத் தலைமை அவர். ஊராட்சிகள் சட்டத்தில் அவருக்கு 'ஊராட்சிகளின் ஆய்வாளர்' என்று தனிப் பெயரே உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு எந்தத் துறைக்கும் இறங்க முடிவது அதனால்தான்.

#4 மடைவாய்

நன்றிங்க. ஆனால் ஒரு வருவாய் கிராமம் என்றால் ஒரு ஊராட்சி என்று வைத்துக்கொள்ளலாமா?

#5 கிரயச்சீட்டு

கூடாது. பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

வருவாய் கிராமத்தின் எல்லை நில அளவை போட்ட எல்லை. ஊராட்சியின் எல்லை மக்கள்தொகையையும் குக்கிராமங்களையும் பார்த்துப் போட்டது. ஒரு பெரிய வருவாய் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சி இருக்கும். இரண்டு மூன்று சின்ன வருவாய் கிராமம் சேர்ந்து ஒரே ஊராட்சியாக இருக்கும். ஒரே ஒன்றியத்தின் ஊராட்சிகள் இரண்டு வட்டங்களில் சிதறிக் கிடப்பதும் சாதாரணம். பெயர் வேறு ஏமாற்றும். ஊராட்சிக்கு ஒரு பெயர், வருவாய் கணக்கில் அந்த ஊருக்கு 'கஸ்பா', 'பிட்–2', 'உள்கடை' என்று வால் ஒட்டிய வேறு பெயர்.

இணையத்தில் பட்டா எடுக்கப் போய் "பதிவு இல்லை" என்று வருவதற்கு முதல் காரணம் இதுதான். அங்கே கேட்பது வருவாய் கிராமத்தின் பெயர். ஊராட்சிப் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வழி: பழைய பட்டாவிலோ பத்திரத்தின் சொத்து விவரத்திலோ 'கிராமம்' என்ற இடத்தில் இருப்பதை அப்படியே எடுங்கள், அதில் எண் இருந்தால் எண்ணோடு.

மூன்றாவது வரைபடமும் உண்டு. சார்பதிவாளர் அலுவலகங்களும் பதிவு மாவட்டங்களும் தனி எல்லை. வில்லங்கச் சான்றுக்கு அதைத்தான் பார்க்கணும், வட்டத்தைப் பார்த்து ஓடினால் வேறு அலுவலகத்தில் போய் நிற்பீர்கள்.

#6 கல்லும் சங்கிலியும்

வாய்க்கால் கேள்விக்கு வருகிறேன். அங்கே இங்கே கேட்பதற்கு முன்னால் அந்த நிலம் கணக்கில் என்னவென்று பார்க்கணும். வாய்க்கால் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கணக்கில் வாய்க்கால் இல்லை. பட்டா நிலத்துக்குள் தண்ணீர் ஓடி ஓடித் தடம் விழுந்திருக்கலாம். அப்போது கதை வேறு, அது உரிமையியல் நீதிமன்ற விஷயம்.

முதலில் புல எண், அதாவது சர்வே எண். பக்கத்துப் பட்டாவில் 112/3 என்று இருந்தால் வாய்க்கால் 112/4 ஆகவோ தனிப் புல எண்ணாகவோ இருக்கும். அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து 'அ' பதிவேட்டு விவரத்தை எடுங்கள், ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு அது. பட்டாதாரர் பெயர் இருந்தால் பட்டா நிலம். 'அரசு புறம்போக்கு' என்று போட்டு வாய்க்கால், வண்டிப்பாதை, ஏரி, மேய்க்கால், மந்தை என்று குறிப்பு இருந்தால் அது அரசு நிலம்.

அடுத்து புலப்படம், அந்தப் புல எண்ணின் அளவு வரைபடம். வாய்க்கால் இரட்டைக் கோடாக ஓடும், ஓரத்தில் மீட்டரில் அளவு இருக்கும். ஒரு முனையில் 4.2, மறுமுனையில் 3.6 என்று இருந்தால் நடுவில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று நாடா பிடித்துப் பார்க்கலாம். அது உங்கள் தெளிவுக்கு மட்டும். அலுவலக அளவு வேண்டுமென்றால் நில அளவர் கல்லிலிருந்து அளந்தால்தான் செல்லும். எல்லைக் கல் பிடுங்கப்பட்டிருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள், கல் இல்லாமல் அளக்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

பரப்பைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. பட்டாவில் 0 - 12.50 என்றால் பூஜ்யம் ஹெக்டேர், பன்னிரண்டரை ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக சுமார் 31 சென்ட். இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படித்து, பக்கத்துக்காரர் அமுக்கிவிட்டார் என்று மனு எழுதியவர்கள் உண்டு.

பத்திரத்தில் ஒரு புல எண், இணையத்தில் வேறு புல எண் என்றால் பதற வேண்டாம். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதற்கு முந்திய பத்திரத்தில் பழைய புல எண் இருக்கும். வட்ட அலுவலகத்தில் பழைய எண்ணுக்குப் புதிய எண் ஒப்பீடு கேட்டு வாங்கலாம். அந்தக் காலத்தில் பெயரே தவறாக ஏறியிருந்தால் வி.ஏ.ஓ. மட்டத்தில் தீராது, கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ. வரை போகணும்.

#7 வரப்போரம்

எங்க பக்கம் ஆக்கிரமிப்புக்காரர் "நான் அரசுக்குப் பணம் கட்டுறேன், ரசீது வெச்சிருக்கேன்" என்று நீட்டுகிறாரே, அது என்ன?

#8 கல்லும் சங்கிலியும்

அது பெரும்பாலும் பி மெமோ ரசீது. புறம்போக்கை அனுபவிப்பவர் பெயரை வி.ஏ.ஓ. கணக்கில் ஏற்றுவார், அதன்மேல் தீர்வையும் (நிலவரி) அபராதமும் விதிக்கப்படும். "இவர் ஆக்கிரமித்திருக்கிறார்" என்று அரசே எழுதிவைத்த சாட்சி அது. உரிமை தராது. சொல்லப்போனால் ஆக்கிரமிப்பை நிரூபிக்க அந்த ரசீதே போதும். ஆனால் இருபது வருட ரசீதைக் கத்தையாகக் காட்டினால் ஊரார் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்க வேண்டியதில்லை.

நடவடிக்கை 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி. முதலில் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பு. பதில் வந்த பிறகு, அல்லது கெடு முடிந்த பிறகு, 6-ஆம் பிரிவில் வெளியேற்றும் உத்தரவு. 7 கொடுக்காமல் நேராக 6-க்குப் போனால் நீதிமன்றத்தில் உத்தரவு நிற்காது. பல ஆக்கிரமிப்பு வழக்குகள் வருடக்கணக்கில் இழுப்பதற்கு இந்த ஒரு தாளைச் சரியாகச் சார்வு செய்யாததே, அதாவது உரியவர் கையில் முறையாகச் சேர்க்காததே காரணம். வாங்க மறுத்தால் வீட்டுச் சுவரில் ஒட்டி, சாட்சி கையெழுத்தோடு பதிவு செய்யணும்.

#9 ஒன்றியக்கணக்கு

யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நீர்நிலையில் யார் பொறுப்பு என்று பிரிக்கும் கோடு ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில் இருக்கிறது. 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் ஏரி என்றால் பராமரிப்பு ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேலே நீர்வளத்துறை. முன்பு பொதுப்பணித்துறைக்குள் இருந்தது, அதனால்தான் இன்னமும் பி.டபிள்யூ.டி. ஏரி என்கிறோம். ஏரி யாருடையதோ வரத்து வாய்க்காலும் பெரும்பாலும் அவர்களுடையது. ஆனால் பராமரிப்பு யாரிடம் இருந்தாலும் நிலம் புறம்போக்கு, அளந்து எல்லை காட்ட வேண்டியவர் வட்டாட்சியர். மடைவாய் சொன்ன மூன்று அலுவலகமும் ஆளுக்கொரு பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதிகளைச் சேர்த்து ஒரே மனுவில் எழுதாவிட்டால் இப்படித்தான் பந்து மாதிரி உருளும்.

ஊராட்சிச் சாலை, தெரு, தெருவோரச் சாக்கடை என்றால் ஊராட்சிக்கே அதிகாரம் உண்டு. ஊராட்சிகள் சட்டத்தின் 131-ஆம் பிரிவு பொதுச்சாலை மேல் தடை எழுப்பக் கூடாது என்கிறது. ஆக, சுவர் நிற்பது வாய்க்கால் புறம்போக்கிலா, ஊராட்சித் தெருவின் ஓரத்திலா என்று முதலில் தெரியணும்.

சாலையிலும் இதே குழப்பம். ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலை, மாநில நெடுஞ்சாலை என்று நாலு கை. மைல்கல் இருந்தால் தலை நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத உள்சாலைக்கு ஒன்றிய அலுவலகச் சாலைப் பதிவேட்டில் சாலைப் பெயரும் நீளமும் இருக்கும். குழி மூடச் சொல்லி மனு எழுதும் முன் அதைக் கேளுங்கள்.

#10 நாலுகால்மண்டபம்

இத்தனை சுற்று எதுக்கு? கிராம சபையில் தீர்மானம் போட்டா இடிக்க வேண்டியதுதானே. கிராம சபைத் தீர்மானத்தை யாராலும் மாத்த முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.

#11 ஒன்றியக்கணக்கு

அப்படிப் பரவியிருக்கிறது, ஆனால் சரியில்லை அண்ணே. சட்டத்துக்கு உட்பட்ட, ஊராட்சிக்கு அதிகாரம் உள்ள விஷயத்தில் தீர்மானத்துக்கு மதிப்பு பெரிது. அதிகாரம் இல்லாத விஷயத்தில் அது ஊரின் கோரிக்கைதான். ஊராட்சிகள் சட்டத்தின் 202-ஆம் பிரிவில் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆட்சியருக்கு அதிகாரமும் இருக்கிறது. ஒருவர் சுவரை இடிக்கக் கிராம சபை நேராக உத்தரவு போட முடியாது. "112/4 வாய்க்கால் புறம்போக்கை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்கிறது" என்று போடலாம். அந்த வரி மனுவோடு போனால் எடை கூடும்.

கிராம சபை முன்பு வருடத்துக்கு நாலு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் மார்ச் 22 தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம் இரண்டும் சேர்ந்து ஆறானது.

தீர்மானம் செல்லாமல் போவது எங்கே என்றால், பெரும்பாலும் வருகையில். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இது குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்திருக்கணும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ இருக்கணும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்தணும், ஒரே இடத்தில் நடத்தினால் மற்ற தெருக்காரர்கள் வருவதே இல்லை.

இன்னொரு கோளாறு: கூட்டத்தில் பேசுவார்கள், கை தூக்குவார்கள், பதிவேட்டில் ஏறாது. அல்லது "பொதுவான கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். புல எண், இடம், என்ன வேண்டும், யார் செய்யணும், அவ்வளவுதான். கூட்டத்தில் படிக்கச் சொல்லி, தீர்மான எண் போட்டுப் பதிவேட்டில் எழுதியதும் கீழே கையெழுத்துப் போடுங்கள். பிறகு நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் வரணும். மேசை தவறிப் போயிருந்தால் ஐந்து நாளுக்குள் சரியான அலுவலருக்கு அவர்களே மாற்றணும், 6(3)-ஆம் பிரிவு.

#12 நாலுகால்மண்டபம்

விளக்கத்துக்கு நன்றி, தவறாத்தான் நினைச்சுட்டிருந்தேன். அடுத்தது ஒன்னு. தலைவர் சரி என்று சொல்லியும் துணைத்தலைவர் கையெழுத்துப் போடாம வேலை நிக்கிற ஊர் நிறைய. அதுக்கு வழி உண்டா?

#13 ஒன்றியக்கணக்கு

உண்டு. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். முன்பு காசோலை, இப்போது பெரும்பாலும் இணையவழி. ஏற்பாடு நல்ல நோக்கத்தில் வந்தது. ஆனால் இருவருக்கும் மனக்கசப்பு வந்தால் தெருவிளக்கு மின்கட்டணமும் தூய்மைக் காவலர் கூலியும் சேர்ந்து நின்றுவிடும். தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கோ பெண்ணுக்கோ ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் இந்தக் கையெழுத்தை ஒரு கடிவாளமாகவே பிடித்து வைப்பது நடக்கிறது. மனசு வலிக்கிற விஷயம் அது.

வழி இப்படி. என்ன செலவு, எந்தத் தீர்மானப்படி, எந்தத் தேதியில் கையெழுத்துக் கேட்கப்பட்டது என்பதைத் தலைவர் எழுத்தில் பி.டி.ஓ.வுக்குத் தரணும். வாய்ப்பேச்சு உதவாது. பி.டி.ஓ. அறிக்கையை ஆட்சியருக்கு அனுப்புவார். ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆம் பிரிவு அவசர அதிகாரத்தில், அன்றாடச் செலவு தடைபடாமல் இருக்கக் கையெழுத்து அதிகாரத்தை அலுவலர் ஒருவருக்கு ஆட்சியர் மாற்றித் தரலாம். அது தற்காலிக ஏற்பாடு, தலைவர் பதவியை அது தொடாது.

தலைவரையே நீக்கும் விஷயம் 205-ஆம் பிரிவு. ஆட்சியர் விளக்கம் கேட்பார், பதில் திருப்தி இல்லையென்றால் வட்டாட்சியர் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி உறுப்பினர் கருத்தைப் பதிவு செய்வார், பிறகு ஆட்சியர் முடிவெடுப்பார். வருவாய் ஏணியில் இருக்கும் வட்டாட்சியர் உள்ளாட்சிக்குள் கால் வைக்கும் அபூர்வமான இடம் இது.

#14 வரப்போரம்

பணம் எங்கிருந்து வருதுன்னும் சொல்லிடுங்க.

#15 ஒன்றியக்கணக்கு

சொந்த வருமானம் வீட்டுவரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம். சிறிய ஊராட்சிக்கு இது பம்பு மோட்டார் பழுதுக்கே பத்தாது. தாங்கிப் பிடிப்பது இரண்டு மானியம்.

ஒன்று மாநில நிதி ஆணைய மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. ஐந்தாவது ஆணையப் பரிந்துரைக் காலத்தில் அதில் ஊரகத்துக்கு 56, நகர்ப்புறத்துக்கு 44. ஊரகப் பங்குக்குள் கிராம ஊராட்சி 55, ஒன்றியம் 37, மாவட்ட ஊராட்சி 8. இந்த எட்டைப் பார்த்தாலே மாவட்ட ஊராட்சியின் கை ஏன் மெலிந்தது என்று புரியும். ஒன்றியம் இங்கே வலுவாக இருப்பதற்கு வேர் 1958-ம் வருடச் சட்டம். காமராசர் ஆட்சியில் வளர்ச்சி வட்டாரத்தையே எல்லையாக வைத்து ஒன்றியங்களை அமைத்தார்கள், அந்தச் சட்டகம் இன்றும் அப்படியே நிற்கிறது.

இரண்டாவது மத்திய நிதி ஆணைய மானியம். பதினைந்தாவது ஆணையப் பணத்தில் நம்ம மாநிலப் பங்கீடு கிராம ஊராட்சி 80, ஒன்றியம் 15, மாவட்டம் 5. அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். அந்தத் தலைப்பில் சிமெண்ட் சாலை போட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். கிராம சபையில் "பணம் இருந்தும் ரோடு போடல" என்று சண்டை வருவது பெரும்பாலும் இந்தப் பிரிவு தெரியாமல்தான். மீதி 40 சதவீதத்தில் எவ்வளவு இருக்கு என்று கேட்பதே சரியான கேள்வி.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் மத்திய மானியம் நின்றுவிடும். 2016 முதல் 2019 வரை, மன்றத்துக்குப் பதிலாகத் தனி அலுவலர் நிர்வகித்த காலத்தில், அடிபட்டது இப்படித்தான்.

#16 கிரயச்சீட்டு

அந்தத் தேர்தல் ஏன் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வருடத்தில் வருது என்பதற்குக் காரணமே எல்லைப் பிரிப்புதான். 2019-ல் மாவட்டங்களைப் பிரித்ததும் வார்டு மறுவரையறை முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பிரிந்ததும் பிரிக்கப்பட்டதுமாக ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்ற 27-ல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. ஒன்பதில் 2021 அக்டோபர் 6, 9. ஆகையால் 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள், ஒன்பது மாவட்டக்காரர்களுக்கு ஐந்து வருடம் 2026 அக்டோபர் வரை. நகர்ப்புறம் தனி: 2022 பிப்ரவரி 19. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை நடக்கும், அவர் தலைமையில்.

#17 தேரடித்தெரு

எங்க ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோட சேர்க்கப் போறாங்கன்னு பேச்சு. பட்டா எல்லாம் மாறிடுமா? என்னென்ன போகும்?

#18 கல்லும் சங்கிலியும்

சேர்த்த மறுநாளே பட்டா மாறாது. வருவாய் கிராமம், வட்டம், வி.ஏ.ஓ. எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளாட்சி ஏணி மட்டும்தான் மாறும்.

சென்னையே பெரிய உதாரணம். 2011-ல் 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்து பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, வார்டு 155-லிருந்து 200. ஆனால் வருவாய் மாவட்டம் 2018 வரை பழைய எல்லையில்தான். இடைப்பட்ட காலத்தில் அம்பத்தூர்க்காரர் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டினார், பட்டாவுக்குத் திருவள்ளூர் மாவட்டத்து வட்டாட்சியரிடம் போனார்.

காலப்போக்கில் நகர நில அளவை வரும். அப்போது புல எண் போய் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று மூன்றாக வரும். பட்டாவின் இடத்தில் நகர நில அளவைப் பதிவேட்டு நகலைக் கேட்பார்கள். அளவை நடக்கும்போது வீட்டு ஆள் யாராவது பத்திரத்தோடு அந்த இடத்தில் நிற்கணும். கதவு பூட்டியிருந்தால் பழைய உரிமையாளர் பெயர், சில இடங்களில் 'சர்க்கார்' என்றே ஏறிவிடுகிறது. அதைத் திருத்த அலைவது பெரிய பாடு.

#19 ஒன்றியக்கணக்கு

போவது என்றால் முதலில் ஊரக வேலை உறுதித் திட்டம், ஊர் வாயில் நூறு நாள் வேலை. நகர எல்லைக்குள் அது கிடையாது. கலைஞரின் கனவு இல்லம் போல ஊரகத்துக்கென்றே உள்ள வீட்டுத் திட்டமும் போகும். கிராம சபை போய் வார்டு அளவிலான சபை வரும், ஊர் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் உரிமைக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும். வருவது: நிரந்தரத் துப்புரவு அமைப்பு, பாதாளச் சாக்கடைக்கான வாய்ப்பு, பொறியாளர்கள்.

பெயர் மாற்றுவதால் மானியக் கதவு திறப்பதும் மூடுவதும் உண்டு. 2004-ல் பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சி ஆக்கினார்கள், 2006-ல் திரும்பவும் பேரூராட்சி ஆனது. அப்படி மாறிய ஊர்களில் இரண்டு வகைக் கணக்கு ஏடும் இருக்கும்.

ஆட்சேபம் இருந்தால் உத்தேச அறிவிக்கை வந்ததும் கெடுவுக்குள் எழுத்தில் தரணும். இறுதி அறிவிக்கை வந்த பிறகு சாலை மறியலால் பயன் குறைவு.

#20 வரப்போரம்

சாதிச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் ஊராட்சித் தலைவர் கடிதம் வேணும்னு இ-சேவை மையத்தில் கேட்டாங்களாமே?

#21 கிரயச்சீட்டு

தேவையில்லை. சான்றிதழ் முழுக்க வருவாய் ஏணி. விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாக ஏறும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர் நிலையில் முடியும். பட்டியலினத்தவருக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பழங்குடியினர் விண்ணப்பம் வட்ட அலுவலகத்திலேயே நிற்கிறது என்றால் கோட்டத்துக்கு மேலனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். வாரிசுச் சான்று வட்டாட்சியர்.

பிறப்பு இறப்பில் மட்டும் கவனம். கிராம ஊராட்சியில் வீட்டில் நடந்ததை வி.ஏ.ஓ. பதிவார், பேரூராட்சி, நகராட்சியில் உள்ளாட்சி அலுவலகம். 21 நாளுக்குள் சொன்னால் செலவில்லை. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும்.

#22 மடைவாய்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இதுவரை சொன்னதை வைத்து மாதிரி மனு ஒன்று. தவறு இருந்தால் திருத்துங்கள்.

"பெறுநர்: வட்டாட்சியர். பொருள்: ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல். ஐயா, எங்கள் ஊரில் வாய்க்காலை ஆக்கிரமித்துச் சுவர் கட்டியுள்ளார்கள். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கிறது. தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

#23 கல்லும் சங்கிலியும்

இப்படிப் போனால் "தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றே பதில் வரும். எதைச் செய்யணும் என்று நீங்கள் சொல்லாததால் அவர்களும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி மாற்றுங்கள்:

"பொருள்: ……… வட்டம், ……… குறுவட்டம், ……… எண் வருவாய் கிராமம், புல எண் 112/4 வாய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லை காட்டவும், 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

1. மேற்படி புல எண் 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு. நகல் இணைப்பு 1.
2. புலப்படத்தில் வடக்கு முனை அகலம் 4.2 மீட்டர். தற்போது தண்ணீர் போகும் அகலம் சுமார் 1 மீட்டர். புலப்படமும் புகைப்படமும் இணைப்பு 2, 3.
3. தென்மேற்கு மூலை எல்லைக் கல் இடத்தில் இல்லை.
4. ……… தேதி கிராம சபைத் தீர்மானம் எண் ……… இணைப்பு 4.
ஆகவே குறுவட்ட அளவரைக் கொண்டு அளந்து, எல்லைக் கல் நட்டு, ஆக்கிரமிப்பாளருக்கு 7-ஆம் பிரிவு அறிவிப்பு சார்வு செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.
நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சிகள், ஏரியைப் பராமரிக்கும் துறையின் உதவிப் பொறியாளர்."

#24 ஒன்றியக்கணக்கு

ஒரு சேர்ப்பு. ஏரி ஒன்றியத்துடையது என்றால் நகல் ஒன்றியப் பொறியாளருக்கு, நீர்வளத்துறை என்றால் அவர்கள் பிரிவு அலுவலகத்துக்கு. மூன்று நகலிலும் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியரகத்தில் கொடுத்தால் மனு எண் குறுஞ்செய்தியில் வரும். முதல்வரின் உதவி எண் 1100-ல் பதிந்தாலும் எண் தருவார்கள். அந்த எண்ணை வட்ட அலுவலக மனுவின் மேலேயே எழுதிவிடுங்கள், மறுமுறை போகும்போது "எந்த மனு?" என்ற கேள்வி வராது.

#25 கிரயச்சீட்டு

மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது வட்ட அளவில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் வருடாந்திரத் தீர்வாயம், வரும். அங்கேயும் ஒரு நகலைக் கொடுங்கள். வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிவதால் கிராமக் கணக்கு முழுக்க அப்போது மேசைக்கு வரும். அடங்கல் (பயிர்க் கணக்கு), 'அ' பதிவேடு, பி மெமோ கணக்கு எல்லாம் அதை நடத்தும் தீர்வாய அலுவலர் முன்னால் திறந்திருக்கும். 112/4-ல் பி மெமோ போடப்பட்டிருக்கிறதா, எந்தப் பசலியிலிருந்து என்று அங்கேயே கேளுங்கள்.